பறப்பதற்கு முன் ஒரு பறவை செய்வன

என் நாய் ஒருமுறைகூட ஒரு பறவையைப் பிடித்ததில்லை. அலஸ்தோட்டக் கடற்கரையில் அதைக் கழற்றி விடும்போது யாராவது முகம் சுளித்தால் சொல்வதற்கென்று நான் வைத்திருந்த பதில் அதுதான். மூன்று ஆண்டுகள் அந்தப் பதில் எனக்குப் போதுமாக இருந்தது. ரொக்கி ஈர மணலில் நாலுகால் பாய்ச்சலில் ஓடும். அலையோரத்தில் இரை பொறுக்கிக்கொண்டிருந்த சிறு பறவைகள் ஒரே கணத்தில் எழும். சாம்பல் நிற முதுகுகள் மறைந்து வெள்ளை வயிறுகள் மின்னும். கூட்டம் முழுவதும் கடலின் மேல் ஒரு வளைவெடுத்து, நாய் கடந்துபோன இடத்திலேயே திரும்ப வந்து இறங்கும். ரொக்கி திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் ஓடும். நான் சிரித்துக்கொண்டு நிற்பேன். இரண்டு பேருக்கும் காலை உடற்பயிற்சி என்று நண்பர் ஒருவரிடம் பகிடி விட்டதும் நினைவிருக்கிறது.

நான் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். பறவைகளைப் பற்றி முறையாகப் படித்தவன் அல்லன். இந்தக் கட்டுரையில் வருபவற்றுள் பெரும்பகுதி ஒரே கடற்கரையில் ஒரே நாயோடு பல ஆண்டுகள் நடந்தபோது கண்டவை. எஞ்சியது, கண்டவற்றை விளங்கிக்கொள்வதற்காகத் தேடி வாசித்தது.

திருகோணமலையை அறியாதவர்களுக்கு இடத்தைச் சொல்லிவிடுகிறேன். நகரத்திலிருந்து நிலாவெளி வீதியால் வடக்கே போனால் உப்புவெளி, அலஸ்தோட்டம் என்று கடற்கரை சல்லிப் பக்கமாக நீளும். தெற்கே திரும்பிப் பார்த்தால் குடாவுக்கு அப்பால் சுவாமி மலை கடலுக்குள் தலை நீட்டியிருப்பது தெரியும். கிழக்கு நோக்கிய கரை என்பதால் காலை வெயில் கடலிலிருந்து நேரே முகத்தில் அடிக்கும். அந்த நேரத்தில் அலையோரப் பறவைகள் எல்லாம் ஒரே மாதிரியான கறுப்புப் பொட்டுகள். பறவையை நிறத்தோடு பார்க்க விரும்புகிறவர் பிற்பகல் நான்கு மணிக்கு மேல் வர வேண்டும்; அப்போது வெயில் நம் முதுகுப் பக்கம் இருக்கும். இந்த எளிய விடயம் எனக்குப் புரிய எத்தனையோ காலைகள் வீணாயின.

பருவங்களின் கணக்கும் இங்கே வேறு. நாட்டின் தென்மேற்குக் கரை கொந்தளிக்கும் மாதங்களில் எங்கள் கடல் கச்சான் காற்றில் அமைதியாகக் கிடக்கும்; வெளிநாட்டுப் பயணிகள் வருவது அப்போது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் வாடைக் காற்றும் மழையும் சேர்ந்து கரையை அறுத்துக்கொண்டு போகும். அப்போது கடற்கரையில் நிற்பவர்கள் உள்ளூர்க்காரர்களும் நாய்களும்தான். வடக்கிலிருந்து வரும் கரையோரப் பறவைகள் ஆவணி, புரட்டாசியில் வந்து சேர்ந்து, சித்திரை முடியும்வரை தங்குகின்றன. ஆகவே மாரியின் நடுவில் அவற்றுக்கு ஓரளவு தனிமை உண்டு. நெருக்கடி வருவது இரு முனைகளிலும்: களைத்து வந்து இறங்கும் மாதங்களிலும், கொழுத்துப் புறப்பட வேண்டிய மாதங்களிலும்.

நாய் நடத்துபவர் என்ற சொல்லும் எங்கள் ஊருக்கு முழுதாகப் பொருந்தாது. கழுத்துப் பட்டியும் கயிறுமாக நாயை அழைத்துவரும் சிலர் உண்டு. பெரும்பாலும் ஓய்வு பெற்ற உத்தியோகத்தர்களும், விடுமுறையில் வெளிநாட்டிலிருந்து வந்து நிற்பவர்களும். அவர்களைவிட அதிகமானோர், வீட்டுப் படலையைத் திறந்துவிட்டு நடக்கத் தொடங்க, நாய் தானாகப் பின்னால் வருகிறவர்கள். விடுதிகளின் முற்றத்தில் கிடந்து, எந்தப் பயணி எழுந்து நடந்தாலும் கூடவே போகிற நாய்கள் இன்னொரு கூட்டம். தான் ஒரு நாய் நடத்துபவர் ஆகிவிட்டதை அறியாமலே ஒரு ஜேர்மன் பெண்மணி ஒரு கிழமை முழுவதும் மூன்று நாய்கள் புடைசூழ நடந்து திரிந்தார். இவற்றுக்கு வெளியே கட்டாக்காலிகள். ரொக்கி என் வீட்டு நாய். ஆனால் நான் கையில் கயிறு வைத்திருந்தது வீதியைக் கடக்கும்வரை மட்டுமே.

கதை மாறியது ஒரு மாசி மாதக் காலையில். கடல் அடங்கி, கரைவலைக்காரர்கள் அந்த ஆண்டின் தொழிலைத் தொடங்கியிருந்தார்கள். வலையின் ஒரு கயிற்றை இழுத்துக்கொண்டிருந்த வரிசையின் கடைசியில் ஒரு வயதானவர், இழுத்த கயிற்றை வட்டமாகச் சுருட்டிக்கொண்டு இருந்தார். ரொக்கி வழக்கம்போலப் பாய்ந்து பறவைகளை எழுப்பியது. அவர் கையை நிறுத்தாமலே சொன்னார்: “சேர், உங்கட நாய்க்கு வீட்டில சாப்பாடு இருக்குத்தானே. அதுகள் இப்பதான் சாப்பிட வந்ததுகள்.”

அவருடைய பேச்சில் கோபம் இல்லை. நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். ஆனால் அவர் சொன்ன ‘சாப்பிட வந்ததுகள்’ என்பது என் பின்னாலேயே வந்தது. அத்தனை நாளும் நான் அவற்றைப் பறப்பவையாக மட்டுமே பார்த்திருந்தேன். அவை அங்கே வந்திருப்பது எதற்காக என்று ஒருநாளும் யோசித்ததில்லை. மறுநாள் ரொக்கியைக் கயிற்றோடு கொண்டுபோய், கரையில் ஏற்றி வைத்திருந்த ஒரு வள்ளத்தின் நிழலில் கட்டிவிட்டு, பக்கத்தில் மணலில் உட்கார்ந்தேன். மருமகன் விட்டுச்சென்ற பைனாகுலர் கையில் இருந்தது.

சாப்பாடு என்று பார்க்கத் தொடங்கியதும், ஒன்றுபோலத் தெரிந்த கூட்டம் இரண்டு தொழில்களாகப் பிரிந்தது. உப்புக்கொத்திகள் கண்ணால் வேட்டையாடுபவை. தலை உருண்டை, அலகு கட்டை, கண் பெரிது. சில அடிகள் விறுவிறென்று ஓடும், சட்டென்று நிற்கும், நின்ற இடத்திலிருந்து மணலின் மேற்பரப்பைப் பார்க்கும், எதுவும் அசையவில்லை என்றால் மறுபடி ஓடும், அசைந்தால் குனிந்து ஒரே கொத்து. புழு அகப்பட்டால் வெடுக்கென்று இழுக்காது. இழுத்துப் பிடித்துக்கொண்டு, அது தளரும்வரை பொறுத்து, அறுந்துவிடாமல் வெளியே எடுக்கும். அந்தப் பெரிய கண் இரவுக்கும் உதவுகிறது. நிலவில்லாத இரவுகளிலும் அவை இரை தேடுகின்றன.

உள்ளான்கள் வேறு வகை. அவை தொட்டு அறிபவை. தலையைக் குனிந்தபடியே நடந்து, தையல் மெசினின் ஊசி துணியில் இறங்குவதுபோல அலகை ஈர மணலில் இறக்கி இறக்கி எடுக்கும். அலகின் நுனியில் எலும்புக் குழிகளுக்குள் நுண்ணிய உணர்வணுக்கள் அடைந்திருக்கின்றன. மணலுக்குள் புதைந்திருக்கும் மட்டிக் குஞ்சின் இருப்பையும் சிறு நண்டின் அசைவையும் அவை கண்டுகொள்கின்றன. ஆங்கிலத்தில் சாண்டர்லிங் என்று அழைக்கப்படும் வெளிறிய உள்ளான், அலை பின்வாங்கும்போது அதைத் துரத்திக்கொண்டு இறங்கும், அலை திரும்பும்போது அதற்கு முன்னால் ஓடிவரும். குழந்தைகள் அலையோடு விளையாடுவதுபோல் இருக்கும். உண்மையில், அலை வடிந்த அந்தச் சில விநாடிகளில்தான் மணல் இளகி, உள்ளே இருப்பவை மேற்பரப்புக்கு அருகே வருகின்றன. எங்கள் கடலில் ஏற்றவற்றம் ஒரு மீற்றரைக்கூட எட்டுவதில்லை. பெரிய வற்றுக் கடல்களில் கிடைப்பதுபோல மைல்கணக்கான சேற்றுவெளி இவற்றுக்கு இங்கே கிடைக்காது. கிடைப்பது அலை போய்வரும் ஒரு பாய் அகலம். நாங்கள் நடப்பதும் அதே பாயில்தான், ஏனென்றால் கால் புதையாத மணல் அது ஒன்றே.

சரி, பறப்பு. இதுதான் நான் சொல்ல வந்த விடயம். நாய் பாய்ந்ததும் பறவை பறக்கிறது என்றுதான் மூன்று ஆண்டுகளாக நினைத்திருந்தேன். உட்கார்ந்து பார்த்தபோது, பறப்பு என்பது ஒரு நீண்ட வாக்கியத்தின் கடைசிச் சொல் என்று தெரிந்தது. வாக்கியத்தின் முன்பகுதி முழுவதையும் நான் வாசிக்காமல் விட்டிருந்தேன்.

முதலில் ஓட்டத்தின் இடைவெளி மாறும். ஓடி நின்ற உப்புக்கொத்தி குனிய வேண்டிய நேரத்தில் குனியாது. கழுத்து சற்றே நீளும். அந்தக் கணத்திலேயே அதற்கு ஒரு வாய் உணவு இழப்பு. நாய் இன்னும் வெகு தூரத்தில் இருக்கும். அடுத்து, தலையை வெட்டி வெட்டி மேலே தூக்கும், விக்கல் எடுப்பதுபோல. இதைக் கண்டுகொள்ளப் பைனாகுலர் தேவையில்லை, பழகினால் போதும். அதன்பின் நடக்கத் தொடங்கும். பரந்து நின்று மேய்ந்தவை ஒன்றையொன்று நெருங்கும். எல்லா முகங்களும் ஒரே பக்கம் திரும்பும். பிறகு ஒரு சின்னக் குரல், தொண்டைக்குள் உருட்டிய மாதிரி. அதற்குப் பிறகே இறக்கை.

உள்ளான்களில் இந்தப் படிகள் இன்னும் சுருக்கம். உப்புக்கொத்திகள் பக்கத்தில் இருந்தால் அவை தங்கள் காவலை அவற்றிடம் விட்டுவிட்டுத் தலைகுனிந்தே இருக்கும் என்பது என் எண்ணம். கலப்புக் கூட்டத்தில் முதலில் தலை தூக்குவது எப்போதும் உப்புக்கொத்தியாகவே இருந்திருக்கிறது.

கணக்கு வாத்தியாருக்குக் கை சும்மா இருக்காது. ஒரு பயிற்சிக் கொப்பியை எடுத்து, முதல் பறவை தலை தூக்கும் இடத்திலிருந்து எனக்குள்ள தூரத்தை நடையால் அளந்து குறிக்கத் தொடங்கினேன். தனியாக நடந்த நாள், ரொக்கியைக் கயிற்றில் பிடித்து நடந்த நாள் என்று இரண்டு நிரல். இதை ஆய்வு என்று சொல்லும் துணிவு எனக்கில்லை. காற்றும் வெயிலும் பறவையின் பசியும் நாளுக்கு நாள் மாறும். ஆனால் இரண்டு நிரலும் ஒருநாளும் ஒன்றாகவில்லை. நான் தனியாகப் போனால் முப்பது காலடிக்குள் விட்டவை, ரொக்கி கூட வந்தால் அதன் இருமடங்கில் தலை தூக்கின. அது என் காலோடு ஒட்டி, கயிறு தொய்ந்து கிடக்க, பூனைபோல நடந்தாலும் அப்படியே.

இன்னொன்றும் அந்தக் கொப்பியில் விழுந்தது: திசை. அலையோரமாக நேர்கோட்டில் கடந்து போகிறவனை அவை பொறுத்துக்கொள்ளும். அதே வேகத்தில், அதே மனிதன் தங்களை நோக்கித் திரும்பினால் பொறுக்காது. கரைவலைக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் கூச்சலோடு கயிறு இழுக்கையில், அவர்களுக்கு மிக அருகே உப்புக்கொத்திகள் இரை பொறுக்குவதைப் பலமுறை பார்த்தேன். அவர்கள் ஒவ்வொரு நாளும் அதே இடத்தில் நின்று அதே வேலையைச் செய்கிறார்கள். பறவையை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. கையில் கமராவோடு மெல்ல மெல்லக் குனிந்து வரும் பறவைப் பிரியரைக் கண்டால் கூட்டமே எழுந்துவிடும். குனிந்து பதுங்கி வருவது வேட்டைக்காரனின் நடை என்பது அவற்றுக்குத் தெரியும்.

நாய்க்கு ஏன் இத்தனை அச்சம் என்பதற்குக் காரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம். நரியும் நாயும் ஒரே குடும்பத்தவை. தரையில் முட்டையிட்டுத் தரையில் உறங்கும் பறவைக்கு, நான்கு காலில் மூக்கைத் தாழ்த்தி வளைந்து வளைந்து வரும் உருவம் என்பது தலைமுறை தலைமுறையாகப் பகை. மனிதன் எங்கே போவான் என்று ஊகிக்கலாம். நாய் அடுத்த நொடி எந்தப் பக்கம் திரும்பும் என்று நாய்க்கே தெரியாது. ‘என் நாய் பிடித்ததில்லை’ என்ற என் வாதம் ரொக்கியின் இயலாமையைப் பற்றிய உண்மை. பறவை கணக்குப் பார்ப்பது அதை வைத்தல்ல.

இதை வேறு நாடுகளில் ஒழுங்காக அளந்திருக்கிறார்கள். கலிபோர்னியாவின் மொண்டரே குடாப் பகுதியில் சாண்டர்லிங்குகளைப் பார்த்து 2003இல் வெளியான ஓர் ஆய்வு, மனிதச் செயல்களுள் அவற்றின் இரைதேடலை மிகவும் குலைத்தது கட்டில்லாமல் ஓடும் நாய்களே என்று காட்டி, மனிதர்கள் 30 மீற்றர் தள்ளி நடக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. சிட்னி நகரத்தை ஒட்டிய காட்டுப் பாதைகளில் செய்த ஓர் ஆய்வு 2007இல் வந்தது. அங்கே நாய்கள் கயிற்றில்தான் இருந்தன. ஆனாலும் நாய் நடந்த பாதைகளில் பறவையினங்களின் எண்ணிக்கை 35 வீதமும், பறவைகளின் தொகை 41 வீதமும் குறைந்தன. நாள்தோறும் நாய் போகும் பாதைகளிலும் பறவைகள் அதற்குப் பழகியிருக்கவில்லை. அது காடு, இது கடற்கரை. எண்களை அப்படியே தூக்கி இங்கே வைக்க முடியாது. ஆனாலும் அதை வாசித்த இரவில் என் கொப்பியின் இரண்டு நிரல்களையும் எடுத்து மறுபடி பார்த்தேன்.

ஒரு தரம் எழுந்து இறங்கினால் என்ன குறைந்துவிடும் என்று கேட்பவர்களுக்கு (நானே கேட்டவன்) ஒரு சாண்டர்லிங்கின் எடையைச் சொல்லலாம். சாதாரண நாட்களில் அது ஏறக்குறைய 50 கிராம், அதாவது ஒரு கோழி முட்டை. அது முட்டையிடுவது ஆர்க்டிக் வட்டத்துக்குள், சைபீரியா போன்ற இடங்களில். அங்கே போவதற்கு முன் தன் எடையைக் கிட்டத்தட்ட இருமடங்காக்கும் அளவுக்குக் கொழுப்பைச் சேர்க்க வேண்டும். மாரி முழுவதும் நம்மிடம் தங்கும் மணல் உப்புக்கொத்திகள் திபெத்திய மேட்டுநிலம், பாமிர் மலைப்புறங்கள் ஆகிய இடங்களுக்குப் போகின்றன. மத்திய ஆசியப் பறவை வழி எனப்படும், 30 நாடுகள் அளவில் தொட்டுச் செல்லும் அந்தப் பெரும்பாதையின் தென்கோடி இலங்கை. இதற்குத் தெற்கே அந்தாட்டிக்கா வரை பெருநிலம் கிடையாது. மன்னாரில் கொழும்புப் பல்கலைக்கழகத்தார் கருவி பொருத்தி விட்ட கடற்காகங்கள் ரஷ்யாவின் ஆர்க்டிக் கரைவரை போனதை அண்மைய ஆண்டுகளில் பார்த்திருக்கிறோம். அந்தப் பயணத்துக்கான எரிபொருள் இங்கே, இந்தப் பாய் அகல மணலில், ஒவ்வொரு வாயாக ஏற்றப்படுகிறது.

பங்குனி நடுவில் மணல் உப்புக்கொத்திகளின் மார்பு மெல்லச் செங்கல் நிறம் கொள்ளத் தொடங்கும். நிறம் ஏற ஏறப் பசியும் ஏறும். சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்கு ஊர் முழுவதும் கடற்கரைக்கு வருவது அதே நாட்களில். பட்டம், பந்து, குளிப்பு, கூடவே நாய்கள். அந்தக் கிழமையில் ஒரு கூட்டம் ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை தடவை எழுகிறது என்று எண்ணத் தொடங்கிப் பாதியிலேயே கொப்பியை மூடிவிட்டேன். எழுந்தவை இறங்குவதற்கு இடம் தேடிச் சல்லிப் பக்கம் போயின, அங்கும் ஆட்கள், திரும்பி வந்தன.

நாய் வளர்ப்பவர்களை மட்டும் குற்றம் சொல்லி முடித்துவிட்டால் அது நேர்மையாகாது. எங்கள் கரையில் பறவைகளை அதிகம் விரட்டுவது, ஒருவருடைய கையும் பிடிக்காத நாய்கள். வலை கரையேறும் இடங்களில் மடியிலிருந்து கொட்டும் கழிவு மீனுக்காக அவை காத்திருக்கின்றன. விடுதிகளின் பின்புறத்தில் சோறு கிடைக்கிறது. இரவில் கூட்டமாகக் கரையோரம் ஓடுகின்றன. பறவை இரவிலும் மேய்கிறது என்றேன் அல்லவா? இரவில் நடப்பதை நாம் பார்ப்பதில்லை, அவ்வளவே. டச்சுக் குடாப் பக்கம் இவற்றில் சில, நகரத்துக்குள் திரியும் புள்ளிமான்களையே துரத்துகின்றன. அதற்கு ஊர் கொதித்தெழும். உப்புக்கொத்திக்கு அப்படிக் கொதிக்க ஆளில்லை. மானுக்குக் கிடைக்கும் இரக்கத்தில் பத்தில் ஒன்றாவது இந்த முட்டை எடைப் பிராணிக்குக் கிடைக்கலாம் என்று தோன்றும்.

சட்டம் இல்லாமலும் இல்லை. நாய்களைப் பதிவு செய்ய வேண்டும் என்ற கட்டளைச் சட்டம் 1901ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. கட்டாக்காலிகளைப் பிடித்துக் கொல்லும் வழக்கத்தை அரசு 2006இல் கைவிட்டது. அதன்பின் கருத்தடையும் விசர்நாய்த் தடுப்பூசியும்தான் வழி. கொல்வதை நிறுத்தியது சரி என்பதே என் முடிவு, பறவைகளின் பொருட்டும் அதை மாற்றிக்கொள்ள மாட்டேன். ஆனால் கொல்லாமல் விடுவது ஒரு பாதி வேலை. கழிவு மீனை மணலிலேயே விட்டுப் போகும்வரை, எத்தனை நாய்க்குக் கருத்தடை செய்தாலும் அந்த இடத்துக்கு வேறு நாய் வரும். அந்தக் கழிவைக் குழி வெட்டிப் புதைக்கும்படி கரைவலைக்காரர்களிடம் கேட்டுப் பார்த்தேன். கயிறு சுருட்டும் பெரியவர் சிரித்தார். “புதைச்சா நாய் தோண்டும் சேர். பிறகு குழியும் இருக்கும், நாயும் இருக்கும்.” அவர் சொன்னது நியாயம்.

மாரிப் பறவைகள் போய்விட்ட பிறகு கரையில் ஒன்றும் மிஞ்சாது என்று நினைத்திருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியது நிலாவெளிப் பக்கத்துக் களப்பு ஒன்றின் காய்ந்த ஓரம். எந்த இடம் என்று எழுத மாட்டேன்; காரணம் விளங்கும்.

வைகாசி கடைசி. வெயில் ஏறி நீர் வற்றி, உப்புப் பூத்த தரை வெடித்துக் கிடந்தது. ரொக்கி கயிற்றில் இருந்தது. பத்துப் பன்னிரண்டு அடி முன்னால் ஒரு சின்ன உப்புக்கொத்தி திடீரென்று தரையோடு விழுந்து, ஒரு இறக்கையை விரித்து இழுத்துக்கொண்டு, தத்தித் தத்தி நகர்ந்தது. ரொக்கி கயிறு அறும்படி இழுத்தது. எனக்கும் ஒரு கணம் அது அடிபட்ட பறவை என்றே பட்டது. அதைத் தொடர்ந்து நாலு அடி போனதும்தான், கயிறு சுருட்டும் பெரியவர் ஆட்காட்டியைப் பற்றி ஒருமுறை சொன்னது மனதில் வந்தது: கூட்டுக்குக் கிட்டப் போனால் அது நம்மைக் கூட்டிக்கொண்டு வேறு பக்கம் போகும். நின்ற இடத்திலேயே நின்று காலடியைப் பார்த்தேன். என் வலது காலிலிருந்து ஒரு கை நீளத்தில், மாட்டுக் குளம்பு பதிந்த குழி அளவில் ஒரு பள்ளம். அதில் மண் நிறத்தில் கறுப்புக் கிறுக்கல்களோடு மூன்று முட்டைகள். கூடு என்று சொல்ல ஒரு துரும்புகூட இல்லை.

இது இங்கேயே வாழ்ந்து இங்கேயே குஞ்சு பொரிக்கும் உப்புக்கொத்தி. நெடுங்காலம் இதை ஐரோப்பாவிலிருந்து சீனம் வரை பரவிய வேறோர் உப்புக்கொத்தியின் ஒரு கிளையாகவே எண்ணியிருந்தார்கள். மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்து, தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் இது தனி இனமே என்று 2023இல் நிறுவினார்கள். அந்த ஆய்வில் கொழும்புப் பல்கலைக்கழகத்தாரும் இருந்தார்கள். இராமர் அணைக் கடலின் இரு கரையிலும் வாழ்வதால் அனுமன் உப்புக்கொத்தி என்று பெயர். சுவாமி மலையின் பாறைப் பிளவை ‘இராவணன் வெட்டு’ என்று காட்டிப் பெருமை பேசும் ஊரில் அனுமனின் பெயரோடு ஒரு பறவை முட்டையிடுவது, சொல்லச் சொல்லச் சிரிப்பு வரும் விடயம். இந்த முறை அது எதையும் எரிக்க வரவில்லை. எரிந்து போகும் ஆபத்தில் இருப்பது அதன் முட்டைதான்.

அதை விளக்க வேண்டும். வைகாசி, ஆனி நண்பகலில் அந்தத் தரையில் வெறுங்காலை வைக்க முடியாது. தாயும் தந்தையும் மாறி மாறி முட்டைமேல் நிற்பது பெரும்பாலும் சூடு கொடுக்க அல்ல, நிழல் கொடுக்க. நீருக்குப் போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டையை ஈரப்படுத்துவதும் உண்டு. ஏறத்தாழ 25 நாள் இந்தக் காவல். இடையில் ஒரு நாய் அந்தப் பக்கத்தில் படுத்துவிட்டால், முட்டையை அது மோந்துகூடப் பார்க்க வேண்டியதில்லை. பெற்றோரை வெளியே நிறுத்தினால் போதும், மீதியை வெயில் பார்த்துக்கொள்ளும். கடிபட்ட பறவை இல்லை, உடைந்த முட்டை இல்லை, நாய்மேல் சாட்சி ஒன்றும் இல்லை. ‘என் நாய் ஒன்றையும் பிடித்ததில்லை’ என்று அதன் சொந்தக்காரர் சத்தியம் செய்யலாம்.

நான் அன்று ரொக்கியை இழுத்துக்கொண்டு, வந்த காலடிகள் மேலேயே பின்வாங்கினேன். தூரத்தில் ஒரு பனை வடலியின் பின்னால் நின்று கடிகாரத்தைப் பார்த்தேன். பறவை மீண்டும் முட்டைக்கு வந்து நிற்க ஒன்பது நிமிடம் எடுத்தது. அதில் கடைசி ஐந்து நிமிடம், நாங்கள் இன்னும் பார்க்கிறோமா என்று அது எங்களைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரம்.

இந்தக் குடும்பத்துப் பறவை ஒன்றுக்காகக் கலிபோர்னியாவில், சாந்தா பார்பராவை அடுத்த ஒரு கடற்கரையில் 2001இல் ஒரு சிறு கயிறு வேலி போட்டார்கள்; தொண்டர்கள் நின்று நடப்பவர்களிடம் பேசினார்கள். பல பத்தாண்டுகளாகக் கூடு கட்டாதிருந்த பறவை அங்கே மீண்டும் குஞ்சு பொரித்தது. கடற்கரையை மூடவில்லை, ஒரு துண்டை மட்டும் கயிற்றால் பிரித்தார்கள். இங்கே அப்படி ஒரு கயிறு கட்டினால் இரண்டு நாளில் யாரோ அவிழ்த்துக்கொண்டு போய் ஆட்டைக் கட்டிவிடுவார்கள் என்பது என் அனுபவ அறிவு. போர்க்காலத்தில் முட்கம்பியால் மூடிக் கிடந்த கரைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கடற்கரையில் எந்த வேலியும் பிடிக்காது. அந்த வெறுப்பு எனக்கும் உண்டு.

ஆகவே நான் செய்வது சிறிது. ரொக்கியை ஈர மணலில் கயிற்றோடு நடத்துகிறேன். முன்னால் ஒரு தலை தூக்கினால், அதற்கு அடுத்த படிக்குக் காத்திராமல் உலர்ந்த மணலுக்கு ஏறி, வளைந்து கடந்து போகிறேன். கால் புதைகிறது, மூட்டு வலிக்கிறது, நாய்க்கும் பிடிக்கவில்லை. கயிற்றைக் கழற்றுவது, பறவையில்லாத நடுத் துண்டில் மட்டும். கடற்கரையில் சந்திக்கும் நாய்க்காரர்களிடம் உபதேசம் செய்து பார்த்தேன், பலன் இல்லை. பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் ஓர் ஓய்வுபெற்ற தாதியிடம், ஒன்றும் சொல்லாமல் பைனாகுலரைக் கொடுத்து, “அந்தத் தலை தூக்கிற குருவியை மட்டும் பாருங்க அக்கா” என்றேன். அவர் பார்த்தார். சற்று நேரம் கழித்துத் தன் நாயைக் கூப்பிட்டார். இன்னொருவரிடம் அதையே செய்தபோது, பைனாகுலரால் கடலில் போன கப்பலைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

உலர்ந்த மணலில் ஏறி நடக்கத் தொடங்கிய பிறகு கவனித்த ஒன்று உண்டு. வாடை பலமாக வீசும் நாட்களில் உப்புக்கொத்திகள் ஓய்வெடுப்பது, நடப்பவர்களின் குதிகால் பதிந்த குழிகளுக்குள். காற்று மேலால் போக, ஒவ்வொரு குழியிலும் ஒரு முதுகு, ஒரு மூடிய அலகு. என் குழியிலும் ஒன்று இருந்திருக்கலாம்.

ரொக்கிக்கு இப்போது பதின்மூன்று வயது. பின்னங்கால் ஒத்துழைப்பதில்லை. வள்ளத்தடிவரை நடந்து, நிழலில் படுத்துவிடும். கயிற்றை நான் ஒரு பழக்கத்துக்காகவே பிடித்திருக்கிறேன். போன பங்குனியில் ஒரு பிற்பகல், அது நன்றாக உறங்கிக்கொண்டிருக்க, மார்பில் நிறம் ஏறத் தொடங்கிய ஒரு மணல் உப்புக்கொத்தி அலையோரத்திலிருந்து ஓடி ஓடி நின்று எங்கள் பக்கமாக மேலே வந்தது. ரொக்கியின் காது ஒருமுறை துடித்தது. பறவை நின்றது, கழுத்தை நீட்டியது, தலையை இரண்டு தரம் வெட்டியது. காது அடங்கியது. பறவை குனிந்து எதையோ இழுத்து எடுத்தது. அது போன பிறகு எழுந்து அந்த இடம்வரை நடந்து எண்ணி, கொப்பியில் நாயின் நிரலில் 11 என்று எழுதினேன்.